கணக்கு வராதவங்களுக்கு பயாலஜியா?

"கணக்கு வரலைன்னா ப்யூர் சயின்ஸ் குரூப் எடுத்துக்கோ." பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் ஆத்தூர், ஏரல், தூத்துக்குடி என்று எல்லா ஊரிலும் கேட்கும் அறிவுரை. உயிரியல் மாணவருக்கு இதைவிடத் தவறான அறிவுரை கிடையாது.

சந்தேகமா? சொந்தத் தோலைப் பாருங்கள். மேல்தோல் தினமும் உதிர்கிறது. அடி அடுக்குச் செல்கள் பிரிந்து ஈடுகட்டுகின்றன. வரவும் செலவும் எப்படிச் சரியாகிறது? ஒரு ஸ்டெம் செல், அதிலிருந்து பிறந்து சில தடவை மட்டும் பிரிந்து ஓய்ந்துபோகும் செல்கள். ரொம்ப நாள் சொல்லப்பட்ட கதை இதுதான். சும்மா பார்த்தவர்களுக்கு இதில் குறை தெரியவில்லை. எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது.

2007-ல் கேம்பிரிட்ஜில் ஃபில் ஜோன்ஸ் என்ற உயிரியலாளரும் பென் சைமன்ஸ் என்ற இயற்பியலாளரும் தங்கள் குழுவோடு சுண்டெலியின் வால் தோலில் சில செல்களை ஒளிரவைத்து, ஒவ்வொன்றின் வாரிசுகளையும் ஒரு வருடம் வரை எண்ணினார்கள். பழைய கதைப்படி செல் கூட்டங்களின் சராசரி அளவு ஒரு கட்டத்தில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. பல கூட்டங்கள் அழிந்தன. மிஞ்சியவை வளர்ந்துகொண்டே போயின. கணக்குப் போட்டால் ஒரே வகைச் செல் போதும்: 100 பிரிவுகளில் 84-ல் ஒரு வாரிசு தங்கும், ஒன்று வெளியேறும், 8-ல் இரண்டும் தங்கும், 8-ல் இரண்டும் வெளியேறும்.

8-க்கு 8. இதை 9-க்கு 7 ஆக்கிப் பாருங்கள். பிரிவுக்கு 2 சதவீதம் கூடும். வாரத்துக்கு 1.1 பிரிவு, வருடத்துக்கு 57. கூட்டு வட்டி போட்டால் செல்கள் 3 மடங்கு! புற்றுநோயின் ஆரம்பம் இவ்வளவு சின்னச் சாய்வாகக்கூட இருக்கலாம். இது பள்ளிக்கூடக் கணக்குதானே?

மெதுவாகப் பிரியும் ஸ்டெம் செல்லும் தனியாக உண்டு, காயம் ஆற்றுவதில் அதன் பங்கு பெரிது என்று 2012-ல் இன்னொரு ஆய்வு காட்டியது. அதுவும் எண்ணித்தான்.

வெளிநாட்டு எலிக்கதை என்பவர்களுக்கு ஒரு உள்ளூர்க் கதை. மத்திய கடல்சார் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1973-ல் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்து எடுத்தது எப்படி? ஒரு சிப்பியின் மேன்டில் திசுவை, அதாவது அதன் தோல் மாதிரியான பகுதியை, வெட்டி ஒரு மணியோடு இன்னொரு சிப்பிக்குள் வைத்தார்கள். அந்தச் செல்கள் பெருகி மணியைச் சுற்றிப் பையாகும். அந்தப் பைதான் முத்தைப் பூசும். எவ்வளவு பெருகும், எப்போது நிற்கும்? அதே வரவு செலவுக் கேள்வி.

ஆத்தூர் கொடிக்காலில் வெற்றிலையைக் கணக்குப் பார்க்காமல் யாரும் விற்பதில்லை. செல்லை எண்ணாமல் உயிரியல் படிக்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்வது என்ன நியாயம்? கணக்கு வரலைன்னா சொல்லிக்கொடுங்கள். கழற்றிவிடாதீர்கள்.