மறைந்திருக்கும் அடுப்பு

தகடூர் ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை, வீட்டின் இறவாணத்தில் செருகி வைத்த தீக்கடைகோலுக்குப் புறநானூற்றில் ஒப்பிடுகிறார் அவ்வையார். உள்ளே நெருப்பு உண்டு; வெளியே தெரிவதில்லை. நெல்லிக்கனியை நினைக்கும் அளவிற்கு இவ்வுவமையை நாம் நினைப்பதில்லை. ஆயினும், அந்தத் தகடூராகிய இன்றைய தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களின் எரிபொருள் நிலையை எண்ணும்போதெல்லாம் இவ்வுவமையே நம் முன் வந்து நிற்கிறது. சமையலறை அடுப்பைப் பற்றி அரசும் அறிஞரும் நிறையவே பேசிவிட்டனர். புறக்கடையில் மூன்று கற்களின் மேல் கரியேறிய அண்டாவைத் தாங்கி எரியும் இரண்டாவது அடுப்போ எவர் கணக்கிலும் வராமல் மறைந்தே கிடக்கிறது. குளிப்பதற்கு வெந்நீர் காய்ச்சும் அடுப்பு அது.

வெம்மையும் நீரும் சேர்ந்து வெந்நீர் ஆயிற்று என்று வகுப்பில் கற்பிக்கிறோம். தண்மையும் நீரும் சேர்ந்ததே தண்ணீர் ஆதலின், ‘சுடுதண்ணி’ என்பது முரண் என்றும் திருத்துகிறோம். பென்னாகரத்திலோ அரூரிலோ மார்கழி விடியலில் சுள்ளி பொறுக்கி வந்து அடுப்பு மூட்டும் தாய்க்கு நம் திருத்தத்தால் ஒரு பயனும் இல்லை. அவருக்கு வேண்டியது குறைந்த விறகில், குறைந்த புகையில், பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படுமுன் ஆளுக்கொரு வாளி சுடுநீர்.

2007ஆம் ஆண்டு தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு விலையில்லா எரிவாயு அடுப்பு வழங்கத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டு மே முதல் நாள் நடுவணரசின் உஜ்வலா திட்டம் தொடங்கப் பெற்றது. இவற்றின் பயனாக உருளை இல்லாத வீடுகள் அருகிவிட்டன. அவ்வாறிருந்தும் புறக்கடைப் புகை நின்றபாடில்லை. “எரிவாயு கொடுத்தும் விறகை விடமாட்டேன் என்கிறார்களே, இது பழக்கத்தின் பிடிவாதம்” என்று நகரத்து நண்பர்கள் குறைபடுவதுண்டு. இது பிடிவாதமன்று, நன்கு தெரிந்து போட்ட கணக்கு என்பதே நம் கருத்து.

அக்கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம். ஐவர் கொண்ட குடும்பம். ஆளுக்கு 20 லிட்டர் வாளி ஒன்று. ஆக 100 லிட்டர். 25 பாகை வெப்பத்தில் உள்ள நீரை 45 பாகைக்கு உயர்த்த வேண்டும். எரிவாயுவில் காய்ச்சினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கிராம் செலவாகும். 14.2 கிலோ உருளை, ஒரு சோற்றுப்பானைகூட ஏற்றாமல், குளியலுக்கு மட்டுமே 50 நாளுக்குள் தீர்ந்துவிடும். மின்சாரத்தில் காய்ச்சினால் நாளொன்றுக்கு 2.3 அலகு, இரண்டு மாதத்திற்கு 140 அலகு. 2016இல் வீடுகளுக்கு இரு மாதத்திற்கு 100 அலகு மின்சாரம் கட்டணமின்றி வழங்கத் தொடங்கினர். விளக்கும் மின்விசிறியும் ஓடுமுன்பே குளியல் அதனை விழுங்கிவிடும். இக்கணக்கைப் பள்ளியில் படித்திராத பெண்கள் கைப்பழக்கத்தில் போட்டு முடித்துவிட்டனர். அதனால்தான் சமையலுக்கு எரிவாயு, வெந்நீருக்கு விறகு என்று பிரித்துக்கொண்டனர்.

வெந்நீர்க் கம்பியைப் பற்றியும் இங்கே ஒரு சொல். 1500 வாட் கம்பி ஒரு வாளி நீரைச் சூடேற்ற இருபது நிமிடம் போதும், விலையும் எளிது. ஆனால், நில இணைப்பு இல்லாத மின்செருகியில் அதனை மாட்டிவிட்டு, சூடு பார்க்க வாளிக்குள் கையை விடுவோர் எத்தனை பேர்! மின்சாரத்தை நிறுத்திய பிறகே நீரைத் தொடவேண்டும் என்னும் ஒரு விதியைப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டு சென்றாலே சில உயிர்கள் தப்பும்.

இனி, விறகின் கணக்கு. திறந்த மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே பாத்திரத்தைச் சேர்கிறது. எஞ்சியது காற்றோடு போகிறது. இவ்வகையில் முற்சொன்ன 100 லிட்டருக்கு ஐந்தரைக் கிலோ விறகு வேண்டும். ஆண்டில் நான்கு மாதம் மட்டுமே காய்ச்சுவதாகக் கொண்டாலும் ஒரு வீட்டிற்கு அறுநூற்றைம்பது கிலோவிற்கு மேல். துவரை மிளாறும், மாங்கிளையும், சீமைக் கருவேல முள்ளும் கிடைக்கும் வரை ஓடும். கிடைக்காத மாதங்களில் காப்புக்காட்டின் ஓரம் வரை நடக்க வேண்டும். சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் குளிர் கூடுதல்; ஆதலின் வெந்நீர்த் தேவையும் கூடுதல். அந்தச் சுமை யார் தலையில் ஏறுகிறது என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

வெப்பத்தை வீணாக்காத அறிவு நம் முன்னோர்க்கு இல்லாமலில்லை. பெரிய அடுப்பின் பக்கத்தில் துளைவிட்டு, அதன் மிச்ச நெருப்பில் வெந்நீர் காய வைக்கும் கொடியடுப்பு தமிழ்நாட்டு வீடுகளில் நெடுங்காலம் இருந்தது. எரிவாயு அடுப்பு உள்ளே வந்தபோது கொடியடுப்பு இடிபட்டது. அதன் வேலை புறக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. முன்னேற்றம் என்று நாம் கொண்டாடிய ஒன்று மற்றொரு முனையில் ஒரு திறந்த அடுப்பைப் பெற்றுப் போட்டதை எவரும் கவனிக்கவில்லை.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘அஸ்த்ரா’ என்னும் ஊரகத் தொழில்நுட்ப மையம், பேராசிரியர் அமுல்யா ரெட்டியின் முன்னெடுப்பில் கர்நாடகச் சிற்றூர்களின் எரிபொருள் செலவை வீடு வீடாக அளந்தது. பின்னர், விறகைச் சிக்கனமாக எரிக்கும் அடுப்புகளை வடிவமைத்தது. முதலில் அளந்து, பிறகு அமைத்த அந்த முறை நம் கருத்திற்கு உரியது. நடுவணரசு 1980களில் நாடு முழுதும் கொண்டு சென்ற புகையில்லா அடுப்புத் திட்டமோ இலக்கை எட்டுவதிலேயே முனைந்தது. கட்டிக் கொடுத்த அடுப்பு விரிசல் விட்டபோது பூசுவாரில்லை. புகைபோக்கி அடைத்தபோது துடைப்பாரில்லை. 2002இல் அத்திட்டம் முடிவுற்றது. அடுப்பு தோற்றது என்று பலர் எழுதினர். தோற்றது அடுப்பன்று, கட்டியபின் திரும்பிப் பாராத நிர்வாகம்.

விறகைக் கைவிட முடியாத வீட்டிற்கு இன்றும் முதல் மாற்றம் இதுவே: அண்டாவைத் திறந்த கல்லின் மேல் வைக்காமல், செங்கல்லும் மண்ணும் கொண்ட கூட்டுக்குள் இறக்கி, சுடர் அதன் விலாவைச் சுற்றி ஏறுமாறு செய்வது, அடியில் இரும்புச் சல்லடை, பின்னால் புகைபோக்கி, மேலே மூடி. நன்கு கட்டினால் ஐந்தரைக் கிலோ விறகு இரண்டு கிலோவை ஒட்டி இறங்கும். மூடி போடுவதற்குக்கூடத் திட்டம் வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது!

வெயிலுக்கு வருவோம். தருமபுரிக்கு மழையைத் தர மறுத்த வானம் வெயிலைத் தரத் தயங்கியதே இல்லை. கருநிறப் பரப்பில் படும் வெயில் குழாய் நீரைச் சூடாக்குகிறது, சூடான நீர் இலேசாகி மேலேறித் தொட்டியைச் சேர்கிறது, குளிர்ந்தது கீழிறங்குகிறது. எந்திரமும் இல்லை, மின்சாரமும் இல்லை. இரண்டு சதுர மீட்டர்த் தகடு 100 லிட்டருக்குப் போதும். 2010இல் தொடங்கிய தேசியச் சூரிய ஆற்றல் இயக்கம், 2022க்குள் இரண்டு கோடிச் சதுர மீட்டர் வெந்நீர்த் தகடுகள் என்று இலக்கு வைத்தது, மானியமும் தந்தது. அம்மானியம் 2014இல் நிறுத்தப்பட்டது. தருமபுரியிலிருந்து 150 கிலோமீட்டர்கூட இல்லாத பெங்களூரில் மாடிதோறும் இத்தகடுகளைக் காண்கிறோம். அங்கே 2007இல் கட்டட விதியிலேயே இதனைச் சேர்த்தனர். மின்கட்டணத்தில் சலுகையும் கொடுத்தனர்.

நம் மாநிலத்தில் 2011இல் அறிவிக்கப்பட்ட பசுமை வீடுகள் திட்டத்தில் ஆண்டுக்கு 60,000 வீடுகள், ஒவ்வொன்றும் 300 சதுர அடி, ஐந்து சூரிய விளக்குகளுடன் கட்டித் தரப்பட்டன. நல்ல திட்டம். ஆனால், கூரையேறிய வெயில் விளக்கோடு நின்றுவிட்டது. வெந்நீர் அதே புறக்கடையில்தான் காய்ந்தது. திட்டம் தீட்டிய அவையில் விடியலில் அடுப்பு மூட்டும் பெண் ஒருவர் அமர்ந்திருப்பின் இப்படி நேர்ந்திருக்குமா?

எனினும், வீடுதோறும் தகடு பொருத்துக என்று நாம் முழங்கப் போவதில்லை. தடைகள் உண்மையானவை. விலை ஐந்திலக்க ரூபாய். தகட்டிற்கும் மேலே தண்ணீர்த் தொட்டி வேண்டும். ஓட்டு வீட்டில் அதற்கு இடமில்லை. தெருக்குழாயிலிருந்து குடத்தில் சுமந்துவரும் நீர் தானே மாடியேறாது. இவற்றினும் பெரிது நீரின் கடினத்தன்மை. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு, நீர் சூடாகும்போது வெள்ளைக் காறையாகக் குழாயின் உட்புறம் படிகிறது. மெல்லிய செப்புக் குழாய் சில ஆண்டுகளில் அடைத்துவிடும். அத்தகைய ஊர்களில் அகன்ற வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களோ, தூயநீர் தனிச் சுற்றில் ஓடி வெப்பத்தை மட்டும் கைமாற்றும் அமைப்போ ஏற்றது. இதைச் சொல்லாமல் விற்பவர் தருமபுரிக்கு விற்கவில்லை. வேறெந்த ஊருக்கோ செய்ததை இங்கே இறக்குகிறார். (கண்ணாடிக் குழாய்க்குக் குரங்கு ஒரு பகை, ஒகேனக்கல் பக்கத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை.)

நீரைப் பற்றிப் பேசுகையில் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். இம்மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. பல்லில் கறையும், முதிர்ந்த நிலையில் எலும்பு முடக்கமும் அதனால் வருவன. காய்ச்சிக் குடித்தால் கேடு நீங்கும் என்று நம்புவோர் உளர். காய்ச்சுவதால் கிருமி சாகும், புளோரைடு சாகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும். அந்நீரில் குளிப்பதில் அச்சமில்லை. குடிப்பதிலும் சமைப்பதிலுமே தீங்கு. ஜப்பானியக் கடனுதவியுடன் 2013இல் பயன்பாட்டிற்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கமே இக்கேட்டைக் குறைப்பது. ஆகவே, காவிரி நீர் குடிக்க, கிணற்று நீர் குளிக்க என்று பிரித்து வைக்கும் பழக்கமும் வெந்நீர்ச் சிந்தனையோடு சேர்ந்தே வளரவேண்டும்.

பட்டுத் தொழிலிலும் வெந்நீர் உண்டு. தருமபுரியின் பட்டுக்கூடு அங்காடியை அறியாதார் இலர். கூட்டை வெந்நீரில் வேகவைத்துப் பசையை இளக்கினால்தான் நூல் பிரியும். 25 பாகை நீரை 95க்கு உயர்த்துவதில், வெயிலே 60 வரை கொண்டுவந்து கொடுத்துவிட்டால் நெருப்பின் வேலை பாதியாகிறது. வீட்டுக் குளியலில் மிச்சமாவது பெண்ணின் உழைப்பு. அதற்கு நம் சமூகம் விலை போட்டதில்லை. நூற்பு உலையில் மிச்சமாவது விறகுக் காசு. காசு கண்ணில் படுமிடத்தில் மாற்றம் விரைவில் வேர்பிடிக்கும்.

எங்கே தொடங்குவது? தொட்டியும், தளமும், பொறுப்பாளரும் ஏற்கெனவே உள்ள இடங்களில். மாணவர் விடுதிகள், மலைவாழ் மக்களின் உண்டு உறைவிடப் பள்ளிகள், பிள்ளைப்பேறு பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், திருமண மண்டபங்கள் ஆகியவை முதற்படி. பள்ளிவாசல்களும் அவ்வாறே. குளிர்காலத்து வைகறைத் தொழுகைக்கு வரும் முதியோர் ஒளுச் செய்ய வெந்நீர் வேண்டும். முந்தைய பகலின் வெயிலைத் தொட்டி இரவெல்லாம் காத்து வைத்துக் கொடுக்கும். கோயில் மடைப்பள்ளிக்கும் தேவாலய விடுதிக்கும் இது பொருந்தும். ஜமாஅத்துப் பெரியவர்களும் ஊர்ப் பெரியவர்களும் ஒரு தகட்டை அருகிருந்து பார்த்து, காறை எடுக்கவும் கண்ணாடி மாற்றவும் உள்ளூரில் ஓர் இளைஞர் பழகிய பிறகு, வீட்டுக்காரர் தாமே விலை கேட்பார்.

நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஆண்டுதோறும் முகாமிட்டுச் சாலை செப்பனிடுகின்றனர், மரம் நடுகின்றனர். அடுத்த மார்கழியில் ஒரு சிற்றூரில் பத்து வீடுகளை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். ஒரு வில்தராசு, ஒரு வெப்பமானி, ஒரு குறிப்பேடு. ஒரு வாரம் ஒவ்வொரு விடியலிலும் எத்தனை கிலோ விறகு, எத்தனை வாளி நீர், விறகு யார் கொண்டுவந்தது, எவ்வளவு தொலைவிலிருந்து என்று எழுதட்டும். பிறகு அவற்றுள் ஐந்து வீடுகளில் கூட்டடுப்புக் கட்டிக் கொடுத்து மீண்டும் ஒரு வாரம் நிறுக்கட்டும். விரிசலைப் பூச, ஆறு மாதம் கழித்து ஒருமுறை போய்வரும் பேருந்துக் கட்டணத்தையும் முகாமின் செலவுக் கணக்கிலேயே இப்போதே எழுதி வைத்துவிடலாம்.