படுகளத்துக்குப் பிறகு வரும் ஒப்பாரி

2025 ஜூலை 25 அன்று வெளியான ‘மகாவதார் நரசிம்மா’ படத்தை அனிமேஷன் தொழிலில் இருக்கும் நாம் ஆற அமர யோசிக்க வேண்டும். அஸ்வின் குமார் இயக்கி, தமிழ் உட்பட ஐந்து மொழிகளில் வந்த படம். இரணியன் வதத்தை அது பூசி மெழுகவில்லை. அப்படியும் பிள்ளைகுட்டிகளோடு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பல ஊர்களில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து கும்பிட்டார்கள். குழந்தைகள் பார்க்கும் படத்தில் கொடூரம் தலைகாட்டக் கூடாது என்று ஸ்டோரிபோர்டு போடும்போதே நாம் வைத்திருக்கும் விதி இங்கே செல்லவில்லை. கொடூரத்தைக் காட்டி முடித்த பிறகு படம் அந்தப் பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வானூர், மரக்காணம், திண்டிவனம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் திருவிழா இதற்குக் கண்கூடான சான்று. பாரதம் படித்து, இராத்திரி முழுக்கக் கூத்து நடந்து, கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன், பல ஆள் நீளத்துக்கு மல்லாந்து கிடப்பான். வேடம் கட்டிய வீமனும் துரியோதனனும் அவனைச் சுற்றிச் சுற்றி ஓடிச் சண்டை போடுவார்கள். தொடையில் அடி விழுந்ததும் சிவப்புச் சாயம் வழியும். அதைத் தொட்டுத்தான் திரௌபதி கூந்தலை முடிவாள். இதையெல்லாம் சின்னப் பிள்ளைகள் அப்பன் தோளில் உட்கார்ந்தபடி முழுசாகப் பார்க்கிறார்கள். ஆனால் கூத்து வீமனின் வெற்றியோடு நிற்பதில்லை. துரியோதனன் வீட்டுப் பெண் முறமும் துடைப்பமுமாக வந்து ஒப்பாரி வைக்கிறாள். செத்தவன் கெட்டவனே ஆனாலும் அவனுக்காக அழ ஒருத்தி உண்டு என்பதைப் பிள்ளை பார்த்துவிடுகிறது. சாயங்காலம் தீமிதி. நரசிம்மர் கதையிலும் வதம் முடிவில்லை. உக்கிரம் தணியப் பிரகலாதன் போய் எதிரே நிற்க வேண்டியிருக்கிறது. சிங்கிரிகுடியில் உக்கிர நரசிம்மரைப் பார்க்கிறவர்கள் பரிக்கலிலும் பூவரசங்குப்பத்திலும் லட்சுமியோடு அமர்ந்தவரையும் பார்க்கிறார்கள்.

பிராட் பேர்டின் ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ (2004) பிக்ஸார் படங்களில் முதன்முதலாகப் பிஜி சான்று பெற்றது. பிள்ளைகள் இருக்கும் விமானத்தின் மீதே ஏவுகணை பாய்கிறது. ஆனால் உடனே தாய் தன் உடம்பையே படகாக்கி அவர்களைக் கரை சேர்க்கிறாள். பிறகு குகையில் உட்கார வைத்து, எதிரிகள் பிள்ளைகள் என்று பார்க்க மாட்டார்கள், கொன்றுவிடுவார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறாள். அந்த நிதானம்தான் பயத்தைத் தாங்க வைக்கிறது. வில்லன் சாவில் அது இல்லை; மேலங்கி விமான எஞ்சினில் சிக்க, அவன் கதை நொடியில் முடிகிறது. அங்கே படம் ஒரு படி இறங்கிவிடுகிறது என்றே சொல்வேன்.

‘மகாவதார் நரசிம்மா’வுக்கு வந்த கூட்டத்தைப் பக்திதான் தாங்கியது, கலைத்திறன் இல்லை என்பார்கள். பக்தி டிக்கெட் வாங்க வைக்கும். அதற்கு மேல் கைகொடுக்காது. 2014-இல் ‘கோச்சடையான்’ படத்துக்கு ரஜினி மீதான பக்தி குறைவாகவா இருந்தது? அதில் மகன் கண்ணெதிரே தகப்பன் கொல்லப்படுகிறான். அந்தக் காட்சி மனதில் தங்காமல், முகங்களில் உயிரில்லை என்ற குறைதான் தங்கியது. இன்னொரு மறுப்பு வலுவானது: கூத்துக் களத்தில் பயந்த பிள்ளை மடியில் முகம் புதைக்கலாம், எழுந்து ஓடலாம், கட்டியங்காரன் வந்து சிரிக்க வைப்பான், இருட்டிய தியேட்டரில் சத்தம் நாலா பக்கமும் அடைத்துக்கொள்ளும். மெய்தான். அதனால்தான் பயந்த பிள்ளையைத் தேற்றும் வேலை எடிட்டர் மீதும் ஒலி வடிவமைப்பாளர் மீதும் விழுகிறது. 2023 சட்டத் திருத்தம் யு/ஏ சான்றை 7, 13, 16 என வயதுவாரியாகப் பிரித்தது. பெற்றோருக்கு அது உதவும், நம் வேலையை அது செய்யாது.

அடுத்த ஸ்டோரிபோர்டில் ஒரு சாவு வந்தால், அதற்குப் பின் அழுகைக்கும் அமைதிக்கும் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். நீளம் குறைக்கச் சொல்லும்போது முதலில் கை வைப்பது அந்த நிமிடத்தில்தான். விட்டுக்கொடுக்காதீர்கள்.