தண்டனை ஏட்டில் இருந்தால் போதுமா?

பத்திரிகையாளரைத் தாக்குவோருக்குக் கடுந்தண்டனை வேண்டும் என்னும் கோரிக்கையை நாம் வரவேற்கிறோம். ஆயினும், ஒன்று கேட்போம்.

2000 ஒக்டோபர் 19இல், ஊரடங்கு வேளையில், யாழ்ப்பாணத்தில் தம் இல்லத்திலேயே மயில்வாகனம் நிமலராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்தப்பட்ட தர்மரத்தினம் சிவராம், பாராளுமன்றத்துக்கு அருகே பிணமாகக் கிடந்தார். 2009 ஜனவரி 8இல் லசந்த விக்கிரமதுங்க பட்டப்பகலில் நடுவீதியில் வீழ்த்தப்பட்டார். கொன்றவருள் ஒருவரேனும் தண்டிக்கப்பட்டாரா? இல்லை! கொலைக்கு மரணதண்டனை என்று நமது தண்டனைச் சட்டக்கோவை கூறவில்லையா?

ஆகவே, நோய் விசாரணையில் இருக்கிறது. 2017இல் மகாராஷ்டிரச் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம், மூன்றாண்டு வரை சிறை விதித்ததோடு நில்லாது, விசாரணையை உயர் பொலிஸ் அதிகாரியிடம் ஒப்படைத்தது. இங்கோ, அரசுக்கு ஆலோசனை கூறும் சட்டமா அதிபரே அரசின் ஆட்கள்மீதும் வழக்குத் தொடுக்க வேண்டியவராகிறார். சுயாதீன வழக்குத்தொடுநரும், சாட்சிகளுக்கு மெய்யான பாதுகாப்பும், விசாரணைக்குக் காலவரையறையும் வேண்டும்.

பன்விலவில் கொழுந்து பறிப்போருக்கும் மிளகு பயிரிடுவோருக்கும் இதனால் யாது பயன் என வினவுவோர் உளர். சம்பளம் வெட்டப்பட்டாலும், மண்சரிவில் லயம் சிதைந்தாலும், அதனை நாடறியச் செய்பவன் ஊர்ச் செய்தியாளன் அன்றோ! அவன் அஞ்சி வாய்மூடின், நம் குறை மலையிடுக்கிலேயே மடியும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஏட்டு வேலி மாட்டைத் தடுக்காது. சட்டமியற்றுவோர் இதனை உணர்வாராக!