திங்கட்கிழமைக்கு ஒரு விடுப்பு

டெல்லியின் ஆய்வு மாணவர்களிடையே ட்ரியுண்ட் ஏறிவருவது ஏறத்தாழ ஒரு சடங்காகிவிட்டது. வெள்ளி இரவு காஷ்மீரி கேட்டில் பேருந்து, சனி காலை தரம்சாலா, மெக்லியோட்கஞ்சுக்கு மேலே, 2,800 மீட்டருக்குச் சற்று உயர்ந்த புல்வெளி முகட்டில், தௌலாதார் பனிச்சிகரங்களுக்கு எதிரே கூடாரத்தில் ஓர் இரவு, ஞாயிறன்று இறக்கம், மறுபடியும் இரவுப் பேருந்து. திங்கள் காலை பத்து மணிக்குத் துறையில் இருந்தாக வேண்டும். இப்பயணம் பற்றி எழுதப்படுவனவெல்லாம் விண்மீன்களைப் பற்றியவை. திரும்புதலைப் பற்றி எழுதுவோர் குறைவு. எழுதினாலும் 'இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பியாயிற்று' என்னும் பெருமூச்சோடு நின்றுவிடும்.

மலையில் கழிந்தது வாழ்க்கைக்கு வெளியே கழிந்த பொழுது என்பதே அப்பெருமூச்சின் உட்பொருள். அது யாருடைய வாழ்க்கைக்கு வெளியே? தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வருதலையும் தருதலையும் தன்மை, முன்னிலைக்கு உரியனவாகவும், செல்லுதலையும் கொடுத்தலையும் படர்க்கைக்கு உரியனவாகவும் பிரித்தார். இயக்கம் யாரை நோக்கியது என்பதே வினைச்சொல்லைத் தேர்கிறது. விடுதி அறைத்தோழருக்கு அவர்கள் வந்துவிட்டார்கள்; முகட்டுத் தேநீர்க்கடைக்காரருக்குப் போய்விட்டார்கள். கோடைதோறும் ஆட்டு மந்தைகளோடு தௌலாதாரைக் கடந்து சம்பா பக்கம் செல்லும் கத்தி இடையர்களுக்கு அது காட்சி முனையன்று, தொழிற்பாதை. (அவர்களுடைய மேற்குப் பஹாடி மொழியை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியின் கீழ் அடக்கி வைத்திருப்பது தனிக்கதை.)

உடலும் இந்தப் பிரிவினையை ஏற்பதில்லை. மூச்சு வாங்குவது ஏற்றத்தில். வலிப்பது பெரும்பாலும் இறக்கத்தின் பயனாக. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவதால் அதில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. வலி உச்சமடைய ஒன்றிரண்டு நாள்களாகும். செவ்வாயன்று நூலகப் படிக்கட்டில்தான் ட்ரியுண்ட் உண்மையில் வந்து சேர்கிறது.

முதுகுப்பையின் கதை இதைவிட மோசம். ஈரம் உலராத கூடாரம் கட்டிலுக்கு அடியில் தள்ளப்பட்டுப் பூஞ்சை பூக்கிறது. மலையில் ஓர் உறையையும் விடவில்லை என்ற பெருமிதத்தோடு சுமந்து வந்த பிளாஸ்டிக், விடுதித் தொட்டியில் சோற்றுக் கழிவோடு கலக்கிறது. அப்படிக் கலந்த கழிவு சென்று சேரும் மேடுகளுள் ஒன்று காஸிப்பூர். 1984இல் தொடங்கப்பட்ட அந்தக் கிடங்கின் கொள்ளளவு 2002இலேயே நிறைந்துவிட்டது. 2019இல் அதன் உயரம் ஏறத்தாழ 65 மீட்டர். ஒரு மலையிலிருந்து இறக்கியதை இன்னொரு மலையில் ஏற்றுகிறோம். அங்கே அதைப் பிரித்தெடுப்பவை குப்பை பொறுக்குவோரின் வெறுங்கைகள்.

இதற்கெல்லாம் சோம்பல் காரணமன்று, அவசரமே காரணம். அந்த அவசரமும் இயற்கையானதன்று. இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோர்க்குப் பொது விடுமுறைகள் நீங்கலாக ஆண்டுக்கு 30 நாள் வரை விடுப்புண்டு என்பது பல்கலைக்கழக மானியக்குழுவின் விதி. அதைக் கேட்டுப் பெறுவோர் அரியர். கேட்டால் 'மூன்றாம் இயல் எந்த அளவில் இருக்கிறது?' என்ற வினா எழும் என்னும் அச்சம். உதவித்தொகையே இல்லாதோர்க்கு இந்த விதியின் நிழல்கூட இல்லை. ஆகவே சென்ற சுவடு தெரியாமல் திரும்ப வேண்டியிருக்கிறது. கண் சிவந்திருந்தால் இரவெல்லாம் படித்ததாகச் சொல்லிக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. களப்பணி முடித்து வருவோர்க்குக் குறிப்புகளை ஒழுங்குசெய்ய அவகாசம் தரும் துறைகள், மலையிலிருந்து வருவோர்க்கு ஒரு பகலைத் தர ஏன் தயங்க வேண்டும்?

கூடாரத்தை மொட்டைமாடியில் விரிக்கவும், உறைகளைக் கழுவிப் பிரிக்கவும், ஆறு மணி நேரம் படுத்து உறங்கவும் ஒரு திங்கட்கிழமை போதும். விண்ணப்பத்தில் காரணம் கேட்கும் கட்டத்தில் 'பயணத்திலிருந்து திரும்புதல்' என்று ஒளிவின்றி எழுத மாணவர்கள் துணிய வேண்டும்; இயலின் நிலையை விசாரிக்காமல் நெறியாளர்கள் அதில் கையொப்பமிட வேண்டும்.