அடிக்காத கால்



ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசிலுக்கு அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் வளர்த்த தற்காப்புக் கலை கப்போய்ரா. 1888-இல் அங்கு அடிமைமுறை ஒழிந்தது. ஆனால் 1890-இல் வந்த சட்டம் இக்கலையையே குற்றமாக்கியது. மனிதரை விற்பது நெடுங்காலம் குற்றமாகாத நாட்டில் கப்போய்ரா ஆடுவது குற்றமாயிற்று!

இதனை வெறும் சண்டை என்போர் உளர். நான் அதை ஒப்பவில்லை. பாடுவோர் வட்டமாய்ச் சூழ, பெரிம்பாவ் என்னும் ஒற்றைத் தந்தி வில்லின்முன் இருவர் குந்துவர். சிலர் சிலுவை அடையாளமும் வரைவர். கைகொடுத்த பின்னரே ஆட்டம் தொடங்கும். சுழன்று வரும் கால் எதிராளியின் முகத்தருகே நின்றுவிடும். வீழ்த்த வல்லவர் வீழ்த்தாது விடுவதே தேர்ச்சி.

2014-இல் யுனெஸ்கோ இவ்வட்டத்தை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது. அடிபட்ட மக்கள் உலகுக்கு ஈந்த கலை, அடியை அடக்கக் கற்பிக்கிறது. இதனினும் உயர்ந்த வீரம் உண்டோ?