கையடக்கப் பெட்டியும் கடல் கடந்த குரலும்

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது பழமொழி. தூரத்துப் பேச்சு காதுக்குக் குளிர்ச்சி என்று ரேடியோப் பிரியர்கள் இன்னொரு பழமொழியைச் சேர்த்துக்கொள்ளலாம். உள்ளூர் நிலையத்தைக் கேட்பதில் இவர்களுக்குத் திருப்தி உண்டாவதில்லை. சட்டைப் பையில் அடங்கும் சிறு பெட்டியைக் காதோடு அணைத்துக்கொண்டு, இரைச்சலுக்கு நடுவே எங்கோ ஒரு தேசத்தின் நிலையம் தன் பெயரைச் சொல்லாதா என்று நள்ளிரவு வரை காத்திருப்பார்கள். வீட்டிலுள்ளோர் இதைப் பைத்தியம் என்பார்கள். நாம் அவ்வளவு எளிதில் தீர்ப்புச் சொல்லிவிடத் துணிய மாட்டோம்.

கல்லிடைக்குறிச்சியில் இந்தப் பைத்தியத்துக்குப் பூகோள நியாயமே இருக்கிறது. தேசப்படத்தில் அளந்து பாருங்கள். நம் ஊரிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறக்குறைய 575 கிலோமீட்டர். கொழும்போ சுமார் 325 கிலோமீட்டர்தான். ராஜதானியைவிடக் கடலுக்கு அப்பாலுள்ள நகரம் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது! அந்நகரில் 1925-ஆம் ஆண்டு டிசம்பரிலேயே ஒலிபரப்புத் தொடங்கிவிட்டது. 1950-களில் மத்திய மந்திரி கேஸ்கர் நம் வானொலியில் சினிமாப் பாட்டுக்குத் தடை போட்டபோது, தேசத்தின் காதுகள் எல்லாம் ரேடியோ சிலோன் பக்கம் திரும்பின. தமிழ் ஒலிபரப்பில் மயில்வாகனத்தின் குரல் தென்பாண்டிச் சீமையில் பிரசித்தமாயிற்று. ஓடிப்போன காதுகளைத் திருப்பி அழைத்துவரவே 1957 அக்டோபரில் விவித் பாரதி பிறந்தது என்றுகூடச் சொல்லலாம்.

மத்திய அலையில் தூரத்து நிலையங்கள் இரவில்தான் கேட்கும். ஏனென்றால், பகலில் சூரிய ஒளியால் வானத்தில் அறுபது முதல் தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மின்படலம் உண்டாகி, மேலே செல்லும் அலைகளை விழுங்கிவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அப்படலம் கலைந்துபோகிறது. அதற்கும் மேலேயுள்ள படலங்கள் அலையைக் கண்ணாடிபோல் திருப்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் பூமியில் இறக்கிவிடுகின்றன.

சரி, வந்த அலையைச் சிறு பெட்டி எப்படிப் பிடிக்கிறது? உள்ளே கருநிறமான ஒரு ஃபெரைட் தண்டும் அதன்மேல் சுற்றிய கம்பிச் சுருளும் உண்டு. அந்தத் தண்டுதான் பெட்டியின் காது. பெட்டி சிறியதாகையால் காதும் விரலளவே இருக்கும். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சில அன்பர்கள் 2008-ஆம் ஆண்டையொட்டி ஒரு காரியம் செய்தார்கள். ஒரே பென்சில் பேட்டரியில் ஓடும் மலிவான பெட்டிகளைத் திறந்து, குட்டைத் தண்டை எடுத்துவிட்டு, ஒரு சாணுக்குக் குறையாத நீண்ட தண்டை வெளியே பொருத்தினார்கள். பெட்டியைவிடக் காது பெரிதாயிற்று! பார்ப்பதற்கு வேடிக்கைதான். ஆனால் பசிபிக் மகா சமுத்திரத்துக்கு அக்கரையில் இருக்கும் நியூஸிலாந்து நிலையங்களை அந்தப் பெட்டிகள் கேட்டன.

பெட்டியைப் பிரிக்க மனம் வராதவர்களுக்கும் வழி உண்டு. இரண்டடிச் சதுரமான மரச் சட்டத்தில் செம்புக் கம்பியைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி, பழைய ரேடியோவின் கேங் கண்டென்சர் ஒன்றை அதன் இரு முனைகளில் இணைக்க வேண்டும். பெட்டியைச் சட்டத்தின் அருகில் வைத்துக் கண்டென்சரைத் திருப்பினால், ஒரு குறிப்பிட்ட இடத்தில் முணுமுணுப்பு பேச்சாக மாறும். பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே கம்பித் தொடர்பு எதுவும் வேண்டாம்.

இன்னொரு சூட்சுமம் செலவே இல்லாதது. தண்டின் முனை எந்த நிலையத்தை நோக்குகிறதோ அந்த நிலையம் மங்கிவிடும். தண்டின் பக்கவாட்டிலுள்ள நிலையம் ஓங்கும். நம் ஊருக்குத் திருநெல்வேலி கிழக்கே இருக்கிறது, கொழும்பு தென்கிழக்கே இருக்கிறது. தண்டின் முனையைக் கிழக்கே நீட்டினால் நெல்லை அடங்கி, வேறு திசையிலிருந்து வரும் குரல் எழுந்திருக்க இடம் கிடைக்கும். பெட்டியை மெல்லத் திருப்பும் இந்தப் பொறுமையைத்தான் நாம் மாணவர்களுக்குக் கற்பிக்க விரும்புகிறோம். ஒலியைக் கூட்டுவது யாராலும் ஆகும். வேண்டாததை விலக்கிக் கேட்பது பழகினால்தான் வரும்.

இந்தக் கலைக்கு இப்போது இரண்டு விரோதிகள் இருக்கிறார்கள். ஒருவன் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறான். மலிவான எல்.இ.டி. விளக்கும் கைப்பேசிச் சார்ஜரும் கிளப்பும் இரைச்சல் தூரத்துக் குரலை அமுக்கிவிடுகிறது. மற்றவன் உலகெங்கும் உலவுகிறான். மத்திய அலைக் கோபுரங்களுக்கு மின்சாரச் செலவு அதிகம் என்று தேசங்கள் ஒவ்வொன்றாக அவற்றை நிறுத்தி வருகின்றன. ஜெர்மனியின் பொது வானொலி 2015-ஆம் ஆண்டின் முடிவோடு மத்திய அலைக்கு விடை கொடுத்துவிட்டது.

போனால் போகட்டும், கைப்பேசிதான் இருக்கிறதே என்பார்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகியதை நம் ஜில்லாவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பல ஊர்களில் மின்சாரம் நின்றது, கைப்பேசியும் ஊமையாயிற்று. அத்தகைய வேளையில் பக்கத்துக் கோபுரம் நீரில் நிற்கலாம். பக்கத்து வீடு மூழ்கும்போது தூரத்து உறவினன்தானே கைகொடுக்க வேண்டும்? அந்த உறவினனின் குரலைப் பிடிக்க ஒரு சிறு பெட்டியும், இரண்டு பேட்டரியும், திருப்பத் தெரிந்த ஒரு கையும் போதும்.

ஆகவே இன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, குழந்தைகளை அருகில் வைத்துக்கொண்டு, தூரத்து நிலையங்கள் முள்ளில் எங்கே நிற்கின்றன என்று தேடிக் குறித்து வையுங்கள். ஆபத்து வந்த பிறகு தேடுவதைவிட, தூக்கத்தில் ஒரு மணி நேரத்தை இழப்பது லாபமே.