ஊவாவுக்கு வந்த முப்பது அனுமதிகள்

2024ஆம் ஆண்டில் இலங்கையில் புதிதாக 361 மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டன. அந்த ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் சபை முதல்வர் பிமல் ரத்நாயக்க பாராளுமன்றத்தில் வைத்த பட்டியலின் கணக்கு அது. மேல் மாகாணத்துக்கு 110, தெற்குக்கு 48, மத்திய மாகாணத்துக்கு 45, வடக்குக்கு 32. ஊவாவுக்கு 30. இவை எல்லாமே சாராயக்கடைகள் அல்ல, ஹோட்டலும் உணவகமும் இதில் சேர்த்தி என்பார்கள். இருக்கட்டும். ஊவாவின் எல்லவில் இறங்கும் வெளிநாட்டுப் பயணி மாலையில் ஒரு பியர் கேட்டால் அதில் நமக்கு வழக்கில்லை. தோட்டத்துச் சம்பள நாளை நம்பிப் பலகை மாட்டும் கடையைப் பற்றித்தான் நம் வழக்கு. அந்தக் கடைக்கான காகிதம் எந்த வாசல் வழியாக யார் கைக்குப் போனது என்பதும் அதே வழக்கில் அடங்கும்.

தேர்தல் ஆண்டில் ஆதரவுக்குக் கைமாறாகச் சாராயக்கடை அனுமதி கொடுப்பது லஞ்சம். அதை வாங்குவதும் லஞ்சம். பணமாகக் கொடுத்தால்தான் லஞ்சம், பத்திரமாகக் கொடுத்தால் நிர்வாகம் என்று எந்தத் தர்மமும் சொல்லவில்லை. அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க நிதியமைச்சையும் தம் கையில் வைத்திருந்தார். மதுவரித் திணைக்களம் அந்த அமைச்சின் கீழ்தான். விதிப்படி, கட்டணம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தோம் என்பது அவர் தரப்பின் பதில். கட்டணம் கட்டியவர் தம் பெயரில்தான் கட்டினாரா, வேறொருவருக்காகக் கட்டினாரா என்பதற்கு அந்தப் பதிலில் இடமில்லை. வடமாகாண முன்னாள் முதலமைச்சர் சி.வி. விக்னேஸ்வரன், ஒருவருக்குத் தாம் சிபாரிசுக் கடிதம் கொடுத்ததை வெளியே சொன்னார். அவர் செய்தது சரியென்று நாம் சொல்லவில்லை. வாய் திறந்தார் என்ற அளவில் மற்றவர்களுக்கு மேல். மலையகத்தில் அப்படி ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.

அதே 2024இல் தோட்டத்து மக்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். மே முதலாம் திகதி கொட்டகலை மேடையில் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று ஜனாதிபதி அறிவித்தார். வர்த்தமானியும் வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தொழில் நொடித்துவிடும், ஏற்றுமதி படுத்துவிடும் என்று பக்கம் பக்கமாக வாதம் நடந்தது. கடைசியில் செப்டெம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்கள் இருக்கையில், அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று முடிந்தது. கொழுந்து பறிக்கும் கைக்குப் பழைய சம்பளத்துக்கு மேல் 350 ரூபாய் கூட்டிக் கொடுக்க அரசுக்கும் கம்பனிக்கும் சங்கங்களுக்கும் அத்தனை மாதம் இழுத்தது. அதே மாதங்களில் மதுபான அனுமதிகளோ ஒரு வாதமும் இல்லாமல், ஒரு வர்த்தமானிச் சண்டையும் இல்லாமல், ஓசைப்படாமல் மேசை விட்டு மேசை நகர்ந்தன. கையெழுத்துப் போட விரும்பினால் இந்த அரசாங்க யந்திரம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அந்த ஆண்டுதான் நமக்குக் காட்டியது.

அனுமதிப்பத்திரம் ஏன் இவ்வளவு பெறுமதியானது? கடைக் கட்டடத்தை யாரும் கட்டலாம். விற்கும் உரிமைதான் அரிது. அரிதான உரிமை என்றால் அதற்குத் தானாகவே ஒரு விலை ஏறும். பத்திரம் ஒருவர் பெயரில் இருக்க, கடையை இன்னொருவர் நடத்துவதும், மாதாமாதம் குத்தகைப் பணம் போவதும் மதுவரித் திணைக்களத்துக்குத் தெரியாத ரகசியமல்ல. எந்தச் சந்தியில் நின்று கேட்டாலும் சொல்வார்கள். பத்திரக்காரர் கடைப் படியை மிதிக்காமலே சம்பாதிக்கிறார். மூலதனம் என்று அவர் போட்டது அரசியல்வாதி ஒருவரின் கடிதம். அந்தக் கடிதத்துக்கு வட்டி கட்டுவது யார்? பிரட்டுக்களத்தில் காலை ஆறரைக்குப் பேர் கொடுத்து, மழையில் நனைந்து கொழுந்து நிறுத்து, அட்வான்ஸ் நாளில் கடை வாசலில் நிற்கிறவன்.

பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல பக்கமோ, மொனராகலை நகரைச் சுற்றிய இறப்பர்த் தோட்டப் பக்கமோ ஒரு வைன் ஸ்டோர்ஸைத் திறக்க இடம் பார்ப்பவர் எதை அளக்கிறார்? எத்தனை லயம், எத்தனை பேர், சம்பளம் என்றைக்கு. பள்ளிக்கூடமும் கோவிலும் எத்தனை மீற்றர் தள்ளி இருக்கின்றன என்று அதிகாரி அளப்பது சடங்கு. வியாபாரி அளப்பதுதான் கணக்கு. நாட்டின் வறுமை வீதம் 14.3 என்று சொன்ன 2019ஆம் ஆண்டு வீட்டுச் செலவு ஆய்வில் தோட்டத்துறையின் வீதம் 33.8. மூன்றில் ஒருவர் வறியவர் என்று அரசே அளந்து எழுதிய இடத்தில், அவர்கள் கையிலிருப்பதை எடுக்க அரசே உரிமம் எழுதிக் கொடுக்கிறது. 2024இன் 1,350 ரூபாய்ப் பேரில், அதாவது ஒரு நாள் கூலியில், ஒரு கால் போத்தல் சாராயம் வாங்கினால் அந்த நாளின் உழைப்பில் பெரும்பகுதி போய்விடும். மிச்சத்தில் மாவு வாங்குவதா, பிள்ளையின் பஸ் காசா என்று கணக்குப் போடுவது வீட்டிலிருக்கும் பெண்.

இந்த மலையில் இது புதிய ஏற்பாடல்ல என்பதையும் சொல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளை அரசு சாராயம் விற்கும் உரிமையை மாவட்டம் மாவட்டமாக ஏலம் விட்டது. ஏலம் எடுத்த சாராயக் குத்தகைக்காரர்கள் கோப்பித் தோட்டத்துக் கூலிகளின் கைக்காசில் பெரும் செல்வம் சேர்த்தார்கள். கண்டிச் சீமைக் குத்தகையில் பணம் சேர்த்த ஜெரோனிஸ் த சொய்சாவின் குடும்பம் பிறகு நாட்டின் முதல் பணக்காரக் குடும்பங்களில் ஒன்றானது. தோட்டம் வாங்கினார்கள், கொழும்பில் மாளிகை கட்டினார்கள், பள்ளியும் வைத்தியசாலையும் கூடக் கட்டினார்கள். இலங்கை முதலாளி வர்க்கத்தின் அஸ்திவாரத்தில் சாராயக் குத்தகை எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதைக் குமாரி ஜயவர்தன ஒரு முழு நூலாக எழுதியிருக்கிறார். அந்தப் பணத்தின் மறுமுனையில் இருந்தவன் பற்றி எழுதப்பட்டது கொஞ்சம்தான்.

1912இல் அரசு புதிய மதுவரிச் சட்டம் கொண்டுவந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளுத் தவறணைகளைத் திறக்கப் போனபோது நாடே கொதித்தது. சேனாநாயக்க சகோதரர்களும் டி.பி. ஜயதிலகவும் மதுவொழிப்பு மேடைகளில்தான் முதலில் பெயரெடுத்தார்கள். அதன் பின் உள்ளூர் வாக்கெடுப்பு என்ற முறை வந்தது: ஒரு பகுதி மக்கள் வாக்களித்துத் தங்கள் தவறணையை மூடலாம். யாழ்ப்பாணத்தில் அப்படி வரிசையாக மூடினார்கள். இன்று கடையை மூடும் அதிகாரத்தை நம் கையில் தராதவர்கள், அந்த அதிகாரத்தைக் காலனி அரசே மக்களுக்குக் கொடுத்திருந்ததை மறந்துவிட்டார்கள் போலும். தோட்டத் தமிழருக்கோ 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து வாக்கே போய்விட்டது. வாக்கில்லாதவனிடம் தவறணை வேண்டுமா, வேண்டாமா என்று யார் கேட்பார்? மீதமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வந்தது 2003இல். அதற்கிடையில் மலைநாட்டில் தவறணைகள் வேர்விட்டுவிட்டன.

குடிக்கிறவனை இந்தக் கூண்டில் ஏற்ற நாம் தயாரில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் மூன்று தலைமுறை நெருக்கியடித்து வாழ்ந்து, அட்டை கடித்த காலோடு சரிவேறி இறங்குகிறவனுக்கு மாலையில் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் மறக்கவேண்டும் என்று தோன்றினால், அவனுக்கு உபதேசம் செய்யும் தகுதி குளிரூட்டிய அறைக்காரருக்கு இல்லை. ஆனால் மனைவியை அடிப்பதற்குக் குடி சாக்காகாது என்பதையும் இதே மூச்சில் சொல்கிறோம். அந்த அடியை மன்னிக்கும் வாசகம் இந்தப் பத்தியில் எங்கும் இல்லை.

அனுமதி பெற்ற கடை இல்லையென்றால் கசிப்புப் பெருகும் என்பது மதுவரிக்காரரும் கடைக்காரரும் ஒரே குரலில் சொல்லும் வாதம். கசிப்பு இருப்பது உண்மை. மொனராகலைக் காட்டோரத்திலும் தோட்டத்து ஓடைக்கரையிலும் வடிக்கிறார்கள். ஆனால் அனுமதிக் கடை வந்தால் கசிப்பு ஒழியும் என்பதற்கு ஊவா சாட்சி சொல்லவில்லை. தமிழ்நாட்டைப் பாருங்கள். 2003இலிருந்து சில்லறை மது விற்பனை முழுவதையும் டாஸ்மாக் என்ற அரச நிறுவனமே நடத்துகிறது. ஊருக்கு ஊர் கடை. அப்படியிருந்தும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கடைச்சரக்கு விலை எட்டாத ஏழை, பக்கத்தில் கடை இருந்தாலும் மலிந்த விஷத்தைத்தான் தேடிப் போகிறான். இலங்கையில் 2023 ஜனவரியிலும் ஜூலையிலும் மதுவரி இருபது இருபது வீதம் ஏறியது. 2024இல் மறுபடி ஏறியது. கடைகளும் கூடின, விலையும் கூடியது. கசிப்பு குறையும் என்று இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து யாராவது சொன்னால் அவரிடம் கணக்குக் கேட்கவேண்டும்.

அரசு இதில் வெறும் வரி வாங்குகிறவர் மட்டுமல்ல. மொனராகலை மாவட்டத்துக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெல்வத்தையிலும் செவனகலவிலும் கரும்பாலைகளை ஒட்டி வடிசாலைகள் இருக்கின்றன. 2011இன் சட்டத்தால் அரசு அந்த இரண்டு ஆலைகளையும் தன் கைக்கு எடுத்தது. 2020 ஜனவரியில் எதனோல் இறக்குமதியை நிறுத்தியபின், மொலாசஸிலிருந்து வடியும் ஸ்பிரிட்டுக்குச் சந்தை உறுதியானது. சீனி களஞ்சியத்தில் தேங்கும் காலத்திலும் ஸ்பிரிட் விலைபோகும். ஒரே மாவட்டத்தில் கரும்பு வெட்டுகிறவனின் வியர்வை ஸ்பிரிட்டாகிறது, தோட்டத்தில் பால் வெட்டுகிறவனின் கூலி அதற்குக் கட்டணமாகிறது. இரண்டு பக்கமும் அரசு நிற்கிறது. மதுவரி வருமானம் ஆண்டுக்கு இருநூறு பில்லியன் ரூபாயைத் தாண்டிய நாட்டில், குடி கெடுதல் என்று அரசு சொல்லும்போது அது யாருடைய குரல் என்று மக்கள் சந்தேகப்படுவதில் தப்பில்லை. 2006இன் 27ஆம் இலக்கச் சட்டம் இருபத்தொரு வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மது விற்கக்கூடாது என்கிறது, விளம்பரம் கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தைத் தோட்டத்துச் சந்தியில் அமுல்படுத்த எத்தனை அதிகாரிகள் என்று கேட்டால் பதில் வராது. போயா நாளில் பூட்டிய கடைக்குப் பின்கதவு எங்கே என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

பிரித்தானியாவில் கிராமத்து மதுச்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. அங்கே ஊர் கூடி அழுகிறது. 2011இன் சட்டமொன்றின் துணையோடு ஊரார் பங்கு போட்டு அந்தக் கட்டடத்தையும் நிலத்தையும் வாங்க முன்வருகிறார்கள். அது அவர்கள் மாலையில் கூடும் முற்றம். புதிதாக மதுச்சாலை திறக்கவேண்டுமென்றால் உள்ளூராட்சி மன்றத்தில் விண்ணப்பம், அக்கம்பக்கத்தார் ஆட்சேபணை சொல்லலாம். நம்மை ஆண்டவர்கள் தம் வீட்டுக்கு வைத்துக்கொண்ட வழக்கம் இது. இங்கே விட்டுச்சென்றது 1912இன் கட்டளைச் சட்டம். அந்தச் சட்டத்தின்படி பசறையில் கடை திறப்பதா என்பதைத் தீர்மானிப்பது கொழும்பு.

இன்னொன்றையும் நினைக்கவேண்டியிருக்கிறது. இருநூறு ஆண்டாகத் தோட்டத்தில் கிடக்கும் குடும்பத்துக்குக் கால்வைக்க உரித்தான நிலமில்லை. ஏழு பேர்ச் காணி தருவோம் என்றார்கள், பத்துப் பேர்ச் என்றார்கள். 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க இரண்டாயிரம் குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரம் கொடுத்தபோதுகூட, அது உறுதியா, வெறும் கடிதமா என்ற வாக்குவாதம் ஓயவில்லை. லயத்துக்கு உறுதி எழுதச் சட்டச் சிக்கல், அளவைச் சிக்கல், கம்பனிச் சிக்கல். அதே தோட்டத்து றோட்டோரத்தில் சாராயக்கடைக்கு அனுமதி எழுத எந்தச் சிக்கலும் வருவதில்லை.

நம் தீர்ப்பு இது. 2024இல் அரசியல் சிபாரிசில் போன ஒவ்வொரு அனுமதியும் ரத்தாகவேண்டும். இன்றைய அரசு பட்டியலை வெளியிட்டதற்கு நன்றி. ஆனால் அந்தப் பட்டியலில் எண்ணிக்கையும் பெயரும் உண்டே தவிர, பின்னால் நின்ற கைகள் இல்லை. பினாமியைத் தோண்டாத பட்டியல் பாதி வேலை. பாதி வேலைக்குத் தோட்டத்தில் அரைப் பேர்தான் போடுவார்கள். நம் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும், ஊவாவிலிருந்து பாராளுமன்றம் போனவர்களுக்கும், போகாமல் தோற்றவர்களுக்கும் ஒரே கேள்வி: உங்கள் பெயரிலோ, மனைவி, மைத்துனர், சாரதி பெயரிலோ மதுபான அனுமதி இருக்கிறதா, இல்லையா? மாதாமாதம் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து சந்தா பிடிக்கிற கை, அதே சம்பளத்திலிருந்து சாராயக் காசையும் பிடிக்குமானால் அது துரோகம். அதற்கு வேறு மெல்லிய பெயர் தேட நாம் விரும்பவில்லை. கேள்விக்கு எழுத்தில் பதில் தருபவர்களின் பதிலை அப்படியே அச்சிடுவோம்.

அனுமதிகள் ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்படுகின்றன. அடுத்த புதுப்பிப்புக்கு முன் பதுளை, மொனராகலை மாவட்டச் செயலாளர்கள் இந்த முப்பதின் பெயரையும் இடத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகச் சுவர்களில் ஒட்டட்டும். ஒவ்வொரு கடைக்கும் அதைச் சுற்றிய தோட்டங்களில் உள்ளூர் வாக்கெடுப்பு நடக்கட்டும். வாக்குச்சாவடி ஞாயிற்றுக்கிழமையில் இருக்கட்டும். பேர் வெட்டுப்படும் என்ற பயமில்லாமல் பெண்கள் வருவார்கள்.